மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை அக்காவுக்குத் தேவையா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 43. டிரிபிள் நெகட்டிவ் (இரு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்-2 புரதமும் மிகாத வகை) மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ தொடங்கியிருக்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தால் நோய் திரும்புமா என்று தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். செய்யலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

உறவினர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் நம் செல்களில் உள்ள, சுமார் 22 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்குகள். எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துபவை. 1993-ல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் முதலில் அடையாளம் கண்டார்கள். அதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல்தான் நோபல் கிடைத்தது. புற்றுநோய்க் கட்டிகளில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடும்போது, செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பிடென் என்ற புரதம் குறைகிறது. மிர்-200 குடும்பம் குறைந்தால் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து பரவுவது எளிதாகிறது. மிர்-21 அதிகமுள்ளவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் அது பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு; தனி ஒருவருக்கு அப்படியே பொருந்தாது. எந்த அளவுக்கு மேல் 'அதிகம்' என்பதிலேயே ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால்கூடச் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், முடிவு எப்படி வந்தாலும் அக்காவின் மருந்து மாறப்போவதில்லை. வீட்டில் பயம்தான் கூடும். (21 ஜீன் பரிசோதனை என்று யாராவது சொன்னால், அது ஹார்மோன் பாசிட்டிவ் வகைக்கானது. அக்காவுக்குப் பொருந்தாது.)

உங்களுக்குப் பயன்படும் பதில் ஆபரேஷனுக்குப் பிந்தைய பயாப்சி ரிப்போர்ட்டில் வரும். மார்பிலும் அக்குள் நெறிக்கட்டிகளிலும் ஊடுருவும் புற்றுநோய் மிச்சமில்லை என்றால் திரும்பி வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. மிச்சம் இருந்தால் கேப்பசிடபைன் மாத்திரை போன்ற கூடுதல் சிகிச்சை உண்டு. இந்த வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து வெகுவாக இறங்கிவிடும்.

பிஆர்சிஏ (பரம்பரையாக மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றத்தைத் தேடும்) பரிசோதனை செய்தாயிற்றா? இல்லையென்றால் பணத்தை அதற்குச் செலவிடுங்கள். மாற்றம் இருந்தால், நோயின் நிலையைப் பொறுத்து ஓலபாரிப் என்ற மாத்திரை தருவது பற்றி யோசிக்கலாம். மறு மார்பையும் சினைப்பையையும் எப்படிக் காப்பது என்றும் முடிவெடுக்கலாம். அக்காவுக்கு மாற்றம் இருந்தால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆணாக இருந்தாலும் விலக்கு கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கும் அது போகக்கூடும்.