சாயங்காலமானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று தெரிந்து ஒரு வருடமாகிறது. சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார். இதுதான் வீடு என்றால் கோபம் வருகிறது. சொந்தக்காரர்களோ ‘வயசானா மறதி சகஜம்’ என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில், வாதாடாதீர்கள். அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் பிறந்த வீடாக இருக்கும். புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்குவதால், காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கிணற்றடி மட்டும் அப்படியே இருக்கிறது. ‘சரிம்மா, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம், அங்க யாரெல்லாம் இருப்பாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பல நாள் பேச்சிலேயே அடங்கிவிடும் (எல்லா நாளும் அல்ல!). இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், மங்கல் வெளிச்சம் குழப்பத்தைக் கூட்டும். உங்கள் போன் எண் எப்போதும் அவர் உடம்பில் இருக்கட்டும், வளையலிலோ சங்கிலியிலோ. ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. சாவி எதற்கு என்றே புரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு. 1901-இல் ஜெர்மன் டாக்டர் அலோய்ஸ் அல்சைமரிடம் வந்த, இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட நோயாளிக்கு வயது 51தான், இதையும் சொல்லுங்கள். அப்படியும் அறிவுரை சொல்ல வருகிறவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நன்றாகத் தூங்குங்கள். யாரும் வரவில்லையென்றால் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.