கேள்வி-பதில்: கிணற்றுச் சுவர், ஹெல்மெட் வார், வழுக்கும் தரை

குமரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு பருவமழை. வந்த கடிதங்களில் பாதி, வழுக்கி விழுந்த கதைதான்.

தக்கலை வாசகி: அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் விழுந்தார், எலும்பு முறிவில்லை. இனி நடக்க விடாமல் உட்கார வைத்துவிடலாமா?

வைத்தால் தொடைத் தசை இன்னும் தளரும். காலுக்கு வலுவும் நிதானமும் தரும் பயிற்சியை விடாமல் செய்யும் முதியவர்கள் விழுவது ஏறக்குறைய கால்வாசி குறைகிறது. பக்கத்தில் ஒருவர் நிற்க, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழக்குங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு. தள்ளாட வைக்கும் தூக்க மாத்திரை உண்டா? அதை எழுதவே இல்லையே!

மார்த்தாண்டம்: 8 மாதக் குழந்தைக்கு வாக்கர்?

வேண்டாம். நடை சீக்கிரம் வராது, படியில் உருளும். கனடா 2004-லேயே தடை போட்டுவிட்டது.

திருவட்டாறு வாசகர்: வீட்டை ஒட்டிக் குளம், பேரனுக்கு 2 வயது. எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

'கவனம்' என்றாலே எனக்குக் கோபம் வரும். பால் பொங்கும்போதும் மீன்காரர் வாசலில் கூப்பிடும்போதும் அது எங்கே இருக்கும்? பங்களாதேஷில் கணக்கெடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 1 வரை, அம்மா அடுப்படியில் நிற்கும்போது, வீட்டருகே உள்ள குளத்தில். அந்த நேரம் மட்டும் ஊருக்குள்ளேயே ஓரிடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அம்மாக்கள் அதே அம்மாக்கள்தான். ஆளைத் திருத்துவதோடு நிற்காமல் பொருளையும் இடத்தையும் திருத்த வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் 1970 வாக்கிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவர் முட்டளவுதான். சிறுவயதில் வாளியோடு சரிந்த என்னை அத்தை பாவாடையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அப்புறம் எனக்கு அடி விழுந்தது. சுவர் பல வருஷம் அப்படியே நின்றது.

மூழ்கும் பிள்ளை கத்தாது. புழக்கடைக் கதவில் எட்டாத உயரத்தில் கொண்டி, குளத்துப் பக்கம் வேலி, கிணற்றுக்கு இரும்பு வலை. காலையில் அங்கன்வாடி. இந்த வாரமே.

நாகர்கோவில்: வடசேரி சந்தை வரைக்கும்கூட ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். தலைக்காயம் 70 சதவீதம், சாவு 40 சதவீதம் வரை குறையும். வாரை மாட்டினால்தான்! பின்னால் பிள்ளை இருந்தால் அதற்கும். 9 மாதம் தாண்டினாலே சட்டமும் கேட்கிறது.

குளச்சல்: லைஃப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க இடைஞ்சல்.

தண்ணீரில் விழுந்ததும் ஊதிக்கொள்ளும் மெல்லிய வகை உண்டு. கேட்டு வாங்குங்கள். வள்ளத்தின் மூலையில் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது.

குலசேகரம்: ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது விரல் கிழிந்தது. என்ன மருந்து போடலாம்?

எவ்வளவு ஆழம், எப்போது, விரல் மடங்குகிறதா, ஒன்றுமே எழுதவில்லை. தபாலில் தையல் போட முடியாது. இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டி.டி. (ரண ஜன்னி தடுப்பு) ஊசியையும் கேளுங்கள். ஆறியதும் கத்தியைத் தீட்டுங்கள். மழுங்கிய கத்திதான் அழுத்த வைத்து வழுக்கும். இருட்டில் வெட்டப் போடும் நெற்றி விளக்கு மங்கலா என்றும் பாருங்கள்.