மூங்கில் கூழ் கேள்வி-பதில்: அமிலத்துக்கு அசையாத சிலிக்கா

ரேயான் (செயற்கைப் பட்டு) தரக் கூழுக்கு ப்ரீஹைட்ராலிசிஸ் (காரச் சமையலுக்கு முன் மூங்கில் சில்லை, அதாவது நறுக்கிய துண்டுகளை, சுடுநீரிலோ நீராவியிலோ வேகவைப்பது) எவ்வளவு நேரம்?

165 டிகிரியில் சுமார் ஒரு மணி. இழுத்தடித்தால் லிக்னின் (நார்களை ஒட்டிவைக்கும் பொருள்) தனக்குத்தானே இறுகிக்கொள்ளும், அடுத்த சமையலில் கரையாது. விளைச்சலும் விழும்.

கூழ் சரியாக வரவில்லை, என்ன கெமிக்கல் சேர்க்கலாம்?

எது சரியில்லை? கப்பா (கூழில் மிஞ்சிய லிக்னினின் அளவு), விஸ்காசிட்டி (செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தைக் காட்டும் பாகுநிலை), சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள்) மூன்றையும் அளந்து எழுதுங்கள். அளக்காமல் மருந்து கேட்காதீர்கள்.

கந்தக அமிலத்தில் இருமுறை கழுவியும் கூழில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே தாது) குறையவில்லையே?

பத்து முறை கழுவினாலும் குறையாது. அமிலம் எடுப்பது கால்சியத்தையும் இரும்பையும். சிலிக்கா காரத்தில்தான் கரையும். சமையல் முடிந்ததும் கருப்பு லிக்கரில் (சமைத்தபின் மிஞ்சும் காரக் கழிவுநீரில்) அது கரைந்துதான் நிற்கிறது. அதைச் சூட்டோடு வெளியேற்றாமல் அவசரப்பட்டு அமிலம் விட்டால், பி.எச். 10-க்குக் கீழே இறங்கும்போது ஜெல்லாகத் திரண்டு நாரின் மேலேயே உட்கார்ந்துவிடும். பிறகு அமிலத்தைத் திட்டி என்ன பயன்? முதலில் வெந்நீரில், லேசான காரத்தோடு, வடிநீர் வெளிறும்வரை கழுவுங்கள். அதன்பிறகே பி.எச். 3-ல் அரை மணி அமிலம். கடைசி அலசலுக்கு மென்னீர். கடின நீர் விட்டால் போன கால்சியம் திரும்பி வரும். சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்காதான்.

இன்னொன்று. மூங்கிலின் சொந்த சிலிக்கா வேறு, நீங்கள் சில்லோடு அள்ளிப் போடும் மணல் வேறு. மணல் சமையலில் அவ்வளவாகக் கரையாது, சென்ட்ரிகிளீனர்தான் (கூழைச் சுழற்றிக் கனமான துகளைப் பிரிக்கும் கருவி) பிடிக்க வேண்டும். சில்லைக் கழுவுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது! லிக்கரோடு போன சிலிக்காவும் சும்மா இருக்காது. எவாபரேட்டர் (லிக்கரை வற்றவைக்கும் கருவி) குழாயில் கண்ணாடிபோல் ஒட்டும், லிக்கரிலிருந்து காரத்தை மீட்கும்போது வரும் சுண்ணாம்புக் கழிவிலும் சேர்ந்து அதை மறுபடி சுடவிடாது.

குளிர் காஸ்டிக் (கூழைச் சூடாக்காமல் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பது) 9%-க்குப் பதில் 14% போட்டால் ஆல்பா (காரத்தில் கரையாத நல்ல செல்லுலோஸ்) கூடுமா?

கூடலாம். ஆனால் மெர்சரைஸ் ஆன (வலுத்த காரத்தில் செல்லுலோஸின் படிக அமைப்பு மாறிய) கூழ் உலர்ந்தபின் விஸ்கோஸ் (ரேயான் நூற்கும் கரைசல்) தயாரிப்பில் அடம்பிடிக்கும். 8 முதல் 10%, 30 டிகிரி, அரை மணி. சூடாக்காதீர்கள், சூட்டில் நார் உப்புவது குறையும்.

மூங்கிலின் மாவுச்சத்து சமையல் காரத்தைத் தின்கிறதா?

தின்கிறது. சில்லை வெந்நீரிலோ மெல்லிய காரத்திலோ முதலில் ஊறவைத்து நீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்லியம் ரெய்ட் ஏறக்குறைய நூறு வருடம் முன்பே மாவையும் பெக்டினையும் முதல் கட்டத்திலும் லிக்னினை இரண்டாவதிலும் பிரித்தெடுத்துக் காட்டினார்.

ஹைப்போவில் (ஹைப்போகுளோரைட் வெளுப்பானில்) வெண்மை வருகிறது, விஸ்காசிட்டி சரிகிறது?

ஆரம்ப பி.எச். மட்டும் பார்த்திருப்பீர்கள். வினை நடக்க நடக்க அது இறங்கும். 7-ஐ நெருங்கினால் செல்லுலோஸ் வெட்டுப்படும். கடைசிவரை 10-ல் நிற்கும்படி காஸ்டிக் விடுங்கள், 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். ஹைப்போவுக்கு முன்னும் நன்றாகக் கழுவுங்கள்.