கேள்வி நேரம்: டாக்டர் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டிகள்

கேள்வி: நரம்பியல், மனநலம் இரண்டும் பார்த்த டாக்டர் என் மாமனார். ஏற்காட்டு வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. நோயாளிக் குறிப்புகள், கடிதங்கள், இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) கட்டுகள், எக்ஸ்ரே எல்லாம் கலந்து கிடக்கின்றன. பூஞ்சை வாடை வேறு. வெயிலில் காயவைத்து ஆண்டுவாரியாக அடுக்கிவிடலாமா?
வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: இரண்டுமே வேண்டாம். வெயில் பட்டால் மை வெளுக்கும், தாள் மொடமொடத்து உடையும். அடுக்குவது அதைவிடக் கெடுதல். ஒரு நோயாளியின் குறிப்புக்குள் கடிதம் செருகியிருந்தால், அது யாரைப் பற்றியது என்பதற்கு அந்த இடம்தான் சாட்சி. பெட்டியைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுங்கள், ஒவ்வொரு கட்டையும் எடுத்த பிறகு இன்னொன்று. கட்டுகளுக்குப் பென்சிலால் எண் போடுங்கள், பேனா ஆகாது.

மலையில் மூடுபனி இருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மாசி வாக்கில் சேலத்துக்கு இறக்குங்கள். பெட்டியை பாலித்தீனால் சுற்றிக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த தாளில் கீழ்நாட்டுக் காற்று பட்டால் வேர்த்துவிடும். பிறகு நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்துங்கள். காய்ந்த பூஞ்சையை வீட்டுக்கு வெளியே, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தள்ளிவிடலாம். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை தாளின் இழைக்குள் இறங்கிவிடும், மையும் கரையும்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்காமல், பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுங்கள். செலோ டேப்பை உரிக்கவே வேண்டாம்.

இ.இ.ஜி. கட்டின் மடிப்புகளை வெட்டாதீர்கள். பெரும்பாலும் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய தாள் அது. 300 மில்லிமீட்டர் பக்கம் என்றால் 10 நொடி. அரை மணி நேரப் பதிவுக்கு 180 பக்கம். ஓரத்தில் ‘கண் திறந்தார்’, ‘வேகமாக மூச்சு’ என்ற பொருளில் கிறுக்கியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் அலைகளுக்குப் பொருளே இல்லை. வெப்பத்தில் அச்சாகும் ஈ.சி.ஜி. தாள்தான் அவசர வேலை, தானாகவே மங்கிவிடும். முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்; பிளாஸ்டிக் உறையில் போடவோ லேமினேட் செய்யவோ கூடாது. வினிகர் வாடை அடிக்கும் எக்ஸ்ரே பிலிமைத் தனியே வையுங்கள், அந்தச் சிதைவு பக்கத்துப் பிலிமுக்கும் தொற்றும்.

கட்டிவைக்க அமிலமற்ற தாள் நல்லது. கிடைக்காவிட்டால், கஞ்சி போக இரண்டு மூன்று தடவை அலசிய காடாத்துணி போதும். கஞ்சி மிச்சமிருந்தால் வெள்ளிப்பூச்சிக்கு நாமே விருந்து வைத்ததாகும்.

கேள்வி: பெட்டிக்குள் அந்துருண்டை போடலாமா?
வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம். பிலிமும் கேசட் டப்பாவும் கெடும், மூச்சுக்கும் நல்லதல்ல. வசம்பு போடுவதானால் நன்றாகக் காய்ந்ததை, தாளில் படாமல் துணி முடிச்சாகக் கட்டிப் போடுங்கள்.

கேள்வி: பழைய குறிப்பேட்டில் குச்சி மனிதன் படம், மூட்டுக்கு மூட்டு கூட்டல் குறிகள், பாதத்தில் அம்பு. இது என்ன?
வாசகர், ஏற்காடு

பதில்: அனிச்சை வினைகளின் வரைபடம். சுத்தியலால் தட்டும்போது தசை துள்ளும் அளவைக் கூட்டல் குறிகள் சொல்கின்றன. இரண்டு குறி இயல்பு, நான்கு என்றால் மிகை, பூஜ்யம் என்றால் துள்ளலே இல்லை. உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் கீழே மடங்கினால் கீழ்நோக்கிய அம்பு, அது இயல்பு. மேலே நிமிர்ந்தால் மேல்நோக்கிய அம்பு. அதுவே நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1896-இல் விவரித்த அடையாளம். பெரியவர்களிடம் மூளை அல்லது தண்டுவடப் பாதையில் கோளாறு இருப்பதைக் காட்டும். கைக்குழந்தைக்கு அதுவே இயல்பு. ஆகவே அம்பைப் பார்ப்பதற்கு முன் வயதைப் பாருங்கள்.

கேள்வி: நோயாளிகளின் பெயர் உள்ள தாள்களை ஆராய்ச்சிக்குத் தரலாமா? இல்லை, பழைய பேப்பர்க் கடைக்கே போட்டுவிடலாமா?
வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கடைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நாளைக்கு யாரோ ஒருவரின் நோய் விவரத்தில் தட்டுவடை செட் மடித்துத் தருவார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. கணினியில் ஏற்றிய தகவலுக்கும் அது பொருந்தும். ஆகவே ஸ்கேன் செய்ததை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் தவறு. ஆவணக் காப்பகத்துக்குத் தருவதானால், நோயாளித் தாள்களைத் தனிப் பட்டியலாக்கி, எத்தனை ஆண்டு மூடிவைக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்பதைக் கொடைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பெயரை மறைக்கவேண்டி வந்தால் மூலத்தில் கைவைக்காதீர்கள். நகலில் கறுப்பு மையைப் பூசி, அந்த நகலை மறுபடி நகல் எடுங்கள். முதல் நகலை வெளிச்சத்தில் பிடித்தால் பெயர் தெரிந்துவிடும்.

கேள்வி: அச்சான கட்டுரைகள் இருக்கும்போது கையெழுத்துக் கிறுக்கல்கள் எதற்கு?
வாசகர், சேலம்

பதில்: மறதி நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அல்சைமர் 1901 நவம்பரில் ஃபிராங்க்பர்ட்டில் ஒரு பெண் நோயாளியிடம் கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுதிவைத்தார். கணவர் பெயரைக் கேட்டபோது அந்த அம்மாள் தன் பெயரையே சொன்னார். 1907-இல் அச்சான கட்டுரையோ மிகச் சுருக்கம். காணாமல் போயிருந்த அந்தக் கோப்பு 1995-இல் அதே ஊரில் கிடைத்த பிறகுதான், அந்த உரையாடலை அவர் கையெழுத்திலேயே படிக்க முடிந்தது. அச்சுப் பிரதிகள் நூலகங்களில் கிடைக்கும். அலமாரியில் இடம் போதாவிட்டால் முதலில் வெளியே போகவேண்டியவை அவைதான்.