பழைய செயின் லோடர் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (திருமங்கலம் வாசகர்): எங்கள் செங்கல் சூளைக்கு மண் வெட்டி லாரியில் ஏற்ற வாடகை ஜே.சி.பி.யையே நம்பியிருக்கிறோம். மழை பெய்துவிட்டால் கரிசல் மண்ணில் அதன் சக்கரங்கள் புதைந்துவிடுகின்றன. இப்போது சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடி மண் அள்ளும் கேட்டர்பில்லர் 955எல் செயின் லோடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். என்ஜின் சத்தம் சுத்தமாக இருக்கிறது என்கிறார் எங்கள் ஆபரேட்டர். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் வேலைக்கு இந்த வகை வண்டி பொருத்தமானதுதான். அதன் எடை நீண்ட செயின் முழுவதும் பரவி நிற்பதால், சக்கர வண்டி இறங்க முடியாத ஈர மண்ணிலும் அது நின்று வேலை செய்யும். ஆனால் என்ஜின் சத்தத்தை வைத்து விலை பேசாதீர்கள். 955எல் வண்டியில் உள்ள 3304 என்ற நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் அந்நிறுவனத்தின் வேறு வண்டிகளிலும் ஜெனரேட்டர்களிலும் ஓடியது. அதைப் பிரித்து வேலை பார்க்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துவிடலாம். உங்கள் பணத்தை விழுங்கக் காத்திருப்பது வண்டியின் அடிப்பாகம். செயின், அது உருளும் ரோலர், முன்னால் அதைத் திருப்பும் ஐட்லர், அதை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, செயின் வண்டி ஒன்றின் மொத்தப் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழ பாதி வரை போகும் என்பது இத்தொழிலில் பலரும் ஒப்புக்கொண்ட கணக்கு. லோடருக்கு இந்தத் தேய்மானம் மண்ணைத் தள்ளும் டோசரைவிட விரைவாக வரும். மண் மேட்டுக்கும் லாரிக்கும் இடையே அது ஓயாமல் திரும்புகிறது. ஓட்டத்தில் பாதி ரிவர்ஸில்தான் நடக்கிறது. ரிவர்ஸில் ஓடும்போதுதான் செயின் புஷ்ஷும் (கண்ணிகளைக் கோக்கும் பின்னைச் சுற்றியுள்ள இரும்புக் குழல்) ஸ்பிராக்கெட் பல்லும் அதிகமாகத் தேய்கின்றன.

ஆகவே முதல் வேலையாக, மண் ஒட்டியிருக்கும் அடிப்பாகம் முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தரச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பிறகு ஸ்பிராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் இடையே ஒரு கட்டையைக் கொடுத்து, வண்டியை மெதுவாக நகர்த்திச் செயினை இறுக்கி நிறுத்துங்கள். என்ஜினை அணைத்த பின், செயினின் ஒரு பின்னின் விளிம்பிலிருந்து நான்கு லிங்க் (கண்ணி) தள்ளி உள்ள பின்னின் அதே பக்க விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, புதிய செயினுக்கு உதிரிபாகப் பட்டியலில் கொடுக்கப்பட்டுள்ள ஒரு லிங்க் நீளத்தை நான்கால் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். செயினைக் கழற்றி மாட்டுவதற்கான மாஸ்டர் பின் இந்த அளவுக்குள் வரக் கூடாது. கூடுதலாக இருக்கும் நீளம் முழுவதும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஏற்பட்ட தேய்மானம். இதை இரண்டு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று இடங்களிலும் செய்ய வேண்டும்.

நீண்டுபோன செயினை இறுக்கமாகக் காட்ட ஒரு லிங்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி கோத்துவிடுவதும் உண்டு. இரு பக்கத்து லிங்க்குகளையும் எண்ணி, ஒன்றோடொன்றும் பட்டியலோடும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் அடித்துச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் முழுவதும் வெளியே தள்ளி நின்றாலும் அதே கதைதான். புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வெடிப்பில்லாமல் இருந்தால், பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். ஏற்கெனவே திருப்பிப் போட்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஸ்பிராக்கெட் பற்கள் நுனி கூர்ந்து ஒரு பக்கமாக வளைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பழைய செயினுக்குப் புது ஸ்பிராக்கெட் போட்டிருப்பதைக் கண்டு மகிழாதீர்கள். நீண்டுபோன செயின் அந்தப் புதிய பற்களையும் சீக்கிரமே தின்றுவிடும். ரோலர்களில் எண்ணெய் வழிந்த தடம் இருக்கிறதா, ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் அதைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவ் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஃபைனல் டிரைவின் வடிகால் திருகைக் கழற்றும்போது எண்ணெயோடு இரும்புத் துணுக்குகள் வந்தால், வேறெதையும் பார்க்காமலே திரும்பி வந்துவிடலாம்.

அடுத்தது வண்டியின் சட்டகம் (ஃபிரேம்). பக்கெட்டைத் தூக்கும் கைகள் பொருந்தும் தூண்களைச் சுற்றி வெல்டிங் தழும்புகள் இருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். புதுப் பெயின்ட் மறைப்பது பெரும்பாலும் இதைத்தான். தேய்ந்த பின் துளைகளைக் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறைகளில் லைன்–போரிங் செய்து (ஒரே நேர்க்கோட்டில் கடைந்து) சரிப்படுத்தலாம். வெடித்த தூணை அப்படிச் சரிசெய்ய முடியாது.

என்ஜினைப் பார்க்கப் போகும்போது, வண்டியைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் வேறொரு நாள் வாருங்கள். மதுரைப் பக்கத்தின் வெப்பத்தில் விடியற்காலையில்கூட ஒரு நல்ல டீசல் என்ஜின் தகராறு செய்யாமல் கிளம்ப வேண்டும். இங்கேயே ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துத்தான் கிளம்புகிறது என்றால் கம்ப்ரஷன் குறைந்துவிட்டது என்றே கொள்ளலாம். கிளம்பிய பின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அழுத்தத்தோடு புகை அடிக்கிறதா என்று பாருங்கள். டிப்–ஸ்டிக்கில் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிறகு ஒரு மணி நேரமாவது உண்மையான வேலை கொடுங்கள். முதல் கியரில் மண் மேட்டில் பக்கெட்டை முட்டி நிறுத்தி வேகம் கொடுத்தால், செயின் மண்ணை அரைத்துக்கொண்டு சுழல வேண்டும். என்ஜின் மட்டும் சீறி, செயின் அசையாமல் நின்றால் என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரோ கியர் கிளட்ச்சோ பலம் இழந்துவிட்டது. சுமையோடு இடப்புறமும் வலப்புறமும் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தயங்கினால் அந்தப் பக்கத்து ஸ்டியரிங் கிளட்ச் (ஒரு பக்கச் செயினுக்கு விசையைத் துண்டித்து வண்டியைத் திருப்புவது) அல்லது பிரேக் செலவு வைக்கும். இறுதியாக, நிறைந்த பக்கெட்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, என்ஜினை அணைத்து, தூக்கும் சிலிண்டரின் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, பக்கெட் தானாக இறங்கி அந்தக் கோடு நகர்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் சூடாக இருக்கும்போதுதான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. பக்கெட்டுக்குக் கீழே யாரையும் போக விடாதீர்கள்.

இவற்றில் செயின் மட்டும் தேய்ந்து, மற்ற எல்லாம் நன்றாக இருந்தால் வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். புதிய செயின், ரோலர், ஸ்பிராக்கெட்டுக்கான விலையை ஸ்பேர்ஸ் கடையில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதைக் கழித்து விலை பேசுங்கள். கரிசல் மண் ஈரத்தில் செயினுக்குள் அப்பி, காய்ந்ததும் கெட்டிப்பட்டுச் செயினை மிகையாக இறுக்கும் என்பதால், வாங்கிய பிறகு தினமும் மாலையில் மண்ணைச் சுரண்டி எடுக்க ஓர் ஆளை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி (மேலூர் வாசகர்): கல் குவாரிக் கழிவை அள்ள 955எல் நல்லதா, அதற்குப் பின் வந்த 953 நல்லதா?

பதில்: 953 ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது. ஒவ்வொரு செயினையும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார் இயக்குகிறது. ஸ்டியரிங் கிளட்ச் தொல்லை கிடையாது. என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னால் பார்வை மறைவதில்லை. ஓட்டுவதற்கு 953தான் சுகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பம்ப்பும் மோட்டாரும் பழுதானால், சாதாரண மெக்கானிக் மரத்தடியில் பிரித்துப் பார்க்கக்கூடியவை அல்ல. அவற்றைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் 955எல் போதும். 953ஐச் சோதிக்கும்போது, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பின் சமதரையில் நேராக ஓட விடுங்கள். தானாக ஒரு பக்கம் இழுத்தால் முதலில் அட்ஜஸ்ட்மென்ட்டைச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்; அதன் பிறகும் இழுத்தால் அந்தப் பக்கத்துப் பம்ப்பையோ மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டும். குவாரியில் ஓடிய வண்டியானால், எந்த மாடலாக இருந்தாலும், தரையில் பதியும் செயின் பிளேட்டுகள் வளைந்திருக்கின்றனவா, போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): நான் பார்த்த பழைய வண்டியில், ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீட்டரை மாற்றுவது எளிது. பெடலின் ரப்பர், லீவர்களின் பிடி, பக்கெட் பின்களின் ஆட்டம் ஆகியவற்றை மாற்றிப் பொய் சொல்வது கடினம். பக்கெட்டைத் தரையில் ஊன்றி பக்கெட்டைச் சாய்க்கும் டில்ட் லீவரை முன்னும் பின்னும் அசைத்தால் அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியும். சேஸிஸ் தகட்டில் உள்ள எண்ணும் என்ஜின் எண்ணும் விற்பவரிடம் உள்ள இன்வாய்ஸோடு ஒத்துப்போக வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றைக் கையில் வாங்கும் வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பேரத்தின்போதே வண்டியை ஏற்றி வரும் லோ–பெட் லாரியின் வாடகையை யார் தருவது என்றும் பேசிவிடுங்கள். பதினைந்து டன் எடையுள்ள வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வர முடியாது.