லாபம் 'எக்ஸாஜரேட்' ஆகுமா?

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். க்ளோசிங் ஸ்டாக்கின் (கணக்கு முடிக்கும் நாளில் கையிருப்பில் உள்ள சரக்கின்) மதிப்பு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, 'எக்ஸாஜரேட்டட்' என்று ஆடிட்டருக்கு மெயில் எழுதினேன். மேலாளர் அதை 'ஓவர்ஸ்டேட்டட்' என்று திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல, மேலாளர் திருத்தியதுதான் சரி. 'ஓவர்ஸ்டேட்' என்றால் உள்ள மதிப்பைவிடக் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டலில் வந்த பிழையோ, வேண்டுமென்றே செய்ததோ, அந்தச் சொல் அதற்குள் போகாது. 'எக்ஸாஜரேட்' அப்படியில்லை. யாரோ ஒருவர் தன் பேச்சு எடுபடவேண்டும் என்று ஊதிப் பெருக்கிச் சொன்னார் என்ற வாடை அதில் அடிக்கும். உங்கள் மெயிலைப் படிப்பவர், சரக்கைக் கணக்கெடுத்த ஊழியரைக் குறை சொல்கிறீர்கள் என்றே நினைப்பார். 'ஓவர்ஸ்டேட்டட் பை' என்று எழுதி, பக்கத்தில் வித்தியாசத் தொகையைப் போடுங்கள்.

மோசடி என்று தெரிந்த இடத்திலும் கணக்கு மொழி இதுதான். கணக்கு மோசடியில் சிக்கிய சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், வரவேண்டிய பாக்கி 490 கோடி ரூபாய் 'ஓவர்ஸ்டேட்டட்', மறைத்த கடன்பொறுப்பு 1,230 கோடி ரூபாய் 'அண்டர்ஸ்டேட்டட்' (குறைத்துக் காட்டப்பட்டது) என்றார். இல்லாத 5,040 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்புக்கு மட்டும் இன்னும் கடுமையாக 'இன்ஃப்ளேட்டட்' (ஊதிப் பெரிதாக்கியது) என்ற சொல். அத்தனை பெரிய ஒப்புதல் வாக்குமூலத்திலும் இந்தத் தொகைகளுக்கு 'எக்ஸாஜரேட்டட்' தேவைப்படவில்லை.

அந்தச் சொல்லுக்கு உரிய இடம் பேச்சும் வதந்தியும். தான் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியபோது, 1897-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் அதை 'எக்ஸாஜரேஷன்' என்றார். அங்கே 'ஓவர்ஸ்டேட்மென்ட்' போட்டால் வாக்கியம் செத்துவிடும். அளவுக்கு மீறிய உடல்மொழிக்கும் 'எக்ஸாஜரேட்டட்'தான்.

இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. 'டோன்ட் எக்ஸாஜரேட்' என்று மொட்டையாகச் சொல்லலாம். 'ஓவர்ஸ்டேட்' எதை என்று கேட்கும், செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது.

அறிக்கைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று: ஒரு விஷயம் மிக மிக முக்கியம் என்று சொல்ல வந்து, 'கேனாட் பி அண்டர்ஸ்டேட்டட்' என்று எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் தகும் என்பதுதானே கருத்து? அங்கே வரவேண்டியது 'ஓவர்ஸ்டேட்டட்'.