மாத்திரை மாறிவிட்டது, மெமோ வந்திருக்கிறது: என்ன எழுதுவது?

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு மாதமாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இரவு டூட்டியில் ஒரே வார்டில் இரண்டு மெய்யம்மை ஆச்சிகள் இருந்தார்கள். ஒருவருக்குரிய கிளிமிபிரைடு மாத்திரையை, சர்க்கரை நோயே இல்லாத மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் தெரிந்ததும் டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இரவு முழுவதும் கவனித்தோம். ஆச்சி நலமாக வீடு திரும்பிவிட்டார். இப்போது 48 மணி நேரத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. “சார்ட்டை மாற்றி எழுதிவிடு” என்கிறார் ஒரு சீனியர். ஒரு மாதச் சம்பளத்தைப் பிடிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அசல் சான்றிதழ்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன. என் நர்சிங் பதிவு ரத்தாகிவிடுமா?

பதில்: முதலில் ஒன்று. சார்ட்டைத் தொடாதீர்கள்.

மாத்திரை மாறியது பிழை. சார்ட்டைத் திருத்தினால் அது மோசடி. பிழைக்கு எந்த விசாரணையிலும் விளக்கம் சொல்லலாம்; மோசடிக்கு விளக்கம் கிடையாது. தவிர, டாக்டரின் குறிப்பும், சர்க்கரை பார்த்த அளவுகளும், மருந்தகக் கணக்கும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒரு தாளை மாற்றினால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். அன்று எழுத விட்டுப்போனது ஏதேனும் இருந்தால், இன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு, ‘தாமதப் பதிவு’ என்று குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்துப் பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்தால் போதும். வெள்ளை மை பூசவே கூடாது.

அன்று இரவு நீங்கள் வாய் திறந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இல்லாதவருக்கும் அது அதே வேலையைச் செய்யும். வயது முதிர்ந்தவர், இரவில் சரியாகச் சாப்பிடாதவர், சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது மட்டுமில்லை, குளுக்கோஸ் ஏற்றிச் சரிசெய்த பிறகும் ஒரு நாள் வரை திரும்பத் திரும்ப இறங்கலாம். நீங்கள் பயந்து மறைத்திருந்தால், சர்க்கரை இறங்கி ஆச்சி மயங்கிக் கிடந்தாலும், அயர்ந்து தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். மெமோவுக்கான பதிலில் உங்களுக்குள்ள பெரிய பலம் இதுதான்.

அந்தப் பதிலை ஒரே பக்கத்தில் முடியுங்கள். எத்தனை மணிக்கு எந்த மருந்தை யாருக்குக் கொடுத்தீர்கள், எப்போது தெரிந்தது, எத்தனை மணிக்கு எந்த டாக்டரிடம் சொன்னீர்கள், அவர் என்ன உத்தரவிட்டார், ஆச்சியின் நிலை எப்படி இருந்தது என்பதை நேர வரிசையில் எழுதுங்கள். “பெயரைக் கேட்டேன், ஐ.பி. (உள்நோயாளி) எண்ணைச் சரிபார்க்கவில்லை” என்பது உண்மையானால் அதையும் அப்படியே எழுதுங்கள். “என் கவனக்குறைவால் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது, எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன்” போன்ற வரிகள் வேண்டாம். அவை நடந்ததைச் சொல்வதில்லை, உங்களுக்கு எதிராக மட்டுமே பயன்படும். அன்று எத்தனை நோயாளிகளுக்கு நீங்கள் ஒருவரே பொறுப்பாக இருந்தீர்கள், பெயர் ஒன்றாக இருப்பதைப் பற்றி டூட்டி மாறும்போது யாரேனும் சொன்னார்களா என்பதையும் குறிப்பிடுங்கள். குற்றம்சாட்டும் தொனி இல்லாமல் தகவலாக எழுதினால் போதும். நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் குடும்பத்துக்கு விஷயம் சொல்லப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியாக வேண்டும். அதைச் சிகிச்சை அளித்த டாக்டர் சொல்வதே முறை. நடந்ததா என்று நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் கேளுங்கள்.

இனி, பெயர் விஷயம். செட்டிநாட்டில் இது தற்செயலாக நடப்பதில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைக்கும் வழக்கம் நகரத்தார் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதனால் மெய்யம்மை, வள்ளியம்மை, சொக்கலிங்கம், லெட்சுமணன் என்ற பெயர்கள் தலைமுறை தாண்டித் திரும்பத் திரும்ப வரும். தேவகோட்டையிலிருந்து ஒரு மெய்யம்மையும் கானாடுகாத்தானிலிருந்து ஒரு மெய்யம்மையும் ஒரே வாரத்தில் அட்மிட் ஆவதில் வியப்பில்லை. இந்த ஊரில் வெறும் பெயரை நம்பி மருந்து கொடுக்கவே முடியாது. படுக்கை எண்ணும் உதவாது, படுக்கை மாறும். பெயரோடு ஐ.பி. எண்ணையும் சார்ட்டில் ஒருமுறை, கைப்பட்டையில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். “மெய்யம்மை ஆச்சிதானே?” என்று கேட்காதீர்கள். காது மந்தமானவரும் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் எதற்கும் “ஆமாம்” என்பார்கள். “ஆச்சி, உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?” என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்லவிடுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் இரண்டு சார்ட்டிலும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டவும், அவர்களை வெவ்வேறு அறையில் வைக்கவும் உங்கள் பதிலிலேயே யோசனை சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு அது மன்னிப்பை விடப் பயன்படும்.

பதிவைப் பற்றிய பயத்தை விடுங்கள். எந்த மருத்துவமனையாலும் அதை ரத்துசெய்ய முடியாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அதிகாரம் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலுக்கே உண்டு, அதுவும் உங்களை விசாரித்த பிறகுதான். உடனே தெரிவிக்கப்பட்ட, பாதிப்பில்லாமல் முடிந்த ஒரு பிழைக்காக அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

வேலை வேறு விஷயம். தகுதிகாண் காலத்தில் இருப்பவரை நிறுத்துவது அவர்களுக்கு எளிது. நியமன உத்தரவில் நோட்டீஸ் காலம் பற்றி என்ன இருக்கிறது என்று இன்றே படியுங்கள். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை அபராதமாகப் பிடிக்க முடியாது. விளக்கம் கேட்காமல் அபராதம் விதிக்கக் கூடாது. விதித்தாலும் அது அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். தேதியில்லாத ராஜினாமா கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ யார் வற்புறுத்தினாலும் கையெழுத்திடாதீர்கள். சான்றிதழ்கள் உங்கள் சொத்து. அவற்றை அடகுப்பொருளாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. எழுத்துமூலம் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். மெமோ, உங்கள் பதிலின் நகல், நியமன உத்தரவு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.